பதினாலு கிலோமீட்டர் வண்டி

விற்றவர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்த்து நான் ஒரு பழைய காரை வாங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது, டயர் தேயவில்லை, அதனால் வாங்கினேன் என்றுதான் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் அந்த வீட்டுக்குப் போனபோது நான் காரைப் பார்த்தது ஐந்து நிமிடம், அலமாரியைப் பார்த்தது முக்கால் மணி நேரம். கெட்டி அட்டை ரஷ்ய நாவல்கள், காக்கிக் காகிதம் ஒட்டிய அகராதிகள், தூசி தட்டித் தட்டி ஓரம் மழுங்கிய இலக்கணப் புத்தகங்கள். இவ்வளவு படித்த மனிதர் கெட்ட காரை விற்க மாட்டார் என்று முடிவு செய்தேன். காருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல், கார்புரேட்டர் காலத்து வண்டி. அவர் பானெட்டைத் திறந்து காட்டினார். நான் குனிந்து, குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிறவனைப் போல எஞ்சின் மேல் புறங்கையை வைத்து எடுத்தேன். அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். முதல் வேலையில் சிரிப்பும் இரண்டாவது வேலையில் மௌனமும் கிடைத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. என் வயதுதான், ஐம்பதைத் தொட்டு நிற்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணில் வந்த ஒரு புண், அவருடைய இடது கருவிழியைப் பால் சிந்திய கண்ணாடி போல ஆக்கிவிட்டது. வலது கண்ணும் அதே பாதையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஆள் தெரியும், மூக்கு தெரியாது என்பார். சேலையின் உடம்புப் பகுதியை விரல் பழக்கத்திலேயே நெய்துவிடுவார். ஜரிகை வருகிற இடங்களில் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாக இருப்பார். வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எங்கோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் கண்ணைக் கொடுக்க ஒப்புக்கொண்டு, அந்தக் கருவிழி இவருக்கு ஆகும் என்றால் போன் வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், சொன்ன நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர்.

அதற்காக அவருடைய மைத்துனர் ஒரு வேன்காரரிடம் சொல்லி வைக்கலாம் என்று தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்தேன். கார் வாங்கி அப்போது மூன்று நாள். வேன் எதற்கு, நான் இருக்கிறேன், கார் இருக்கிறது, போன் வந்த பத்தாவது நிமிடம் வாசலில் வண்டி நிற்கும் என்று அறிவித்தேன். 'கார் இருக்கிறது' என்ற சொற்றொடரை உபயோகிக்க ஒரு சந்தர்ப்பத்துக்காக மூன்று நாளாகக் காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அவர் மனைவி கண் கலங்கிவிட்டார். மைத்துனர் வேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரின் கண் இப்படியாக என் வண்டியோடு கட்டப்பட்டது.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் வண்டி முதல் தடவையாக நின்றது. வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாமல் ஏரி கண்ணில் பட்டதும் வண்டி இரண்டு தரம் குலுங்கியது, வேகம் குறைந்தது, ஓரமாக நின்றது. சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சும்மா திருகிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாகறல் போகும் வழியில், ஊர் வருவதற்குச் சற்று முன்னால் நின்றது. அதே குலுக்கல், அதே அரை மணி. அதற்கடுத்த வாரம் கிழக்கே போனேன், வாலாஜாபாத் நுழையும்போது நின்றது. ஒரு ராத்திரி மாணவன் ஒருவனின் காம்பஸை எடுத்து வரைபடத்தில் மூன்று இடத்தையும் குறித்தேன். மூன்றும் என் வீட்டிலிருந்து ஏறக்குறைய பதினாலு கிலோமீட்டர். முள்ளை வீட்டில் ஊன்றிப் பென்சிலைச் சுற்றினால் அழகான வட்டம் வந்தது. ஊர் எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்த காவல் தெய்வத்தை நான் சவாரிக்கு வாங்கியிருந்தேன். வேலூர் அந்த வட்டத்துக்கு வெளியே, காகிதத்துக்கும் வெளியே இருந்தது.

செவிலிமேட்டில் மெக்கானிக் ஷெட். நாற்பது வயதுக்காரர், வீட்டில் உருது பேசுகிறவர், அதிகம் பேசாதவர். நான் வண்டியின் நிலைமையை விவரிக்க ஆரம்பித்தேன். ஏதோ கேட்க வந்து கேள்வியை மறந்துபோனவன் நிற்பது போல நிற்கிறது என்றேன். எழுத்தில் நன்றாக வந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த ஊரில் கார் மெக்கானிக் கூடத் தறி பாஷையில்தான் கேட்பார்.

"அறுந்து நிக்குதா சார், தீர்ந்து நிக்குதா?"

நான் முழித்ததைப் பார்த்து விளக்கினார். இழை அறுந்தால் தறி டக்கென்று நிற்கும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கிற தாரில், அதாவது நூல் சுற்றிய அந்தச் சின்னக் குச்சியில், நூல் தீர்ந்துபோனால் நாடா ஓடும், ஆனால் காலியாக ஓடும். வண்டியும் அப்படித்தான். கரண்ட் பக்கம் கோளாறு என்றால் அறுந்து நிற்கும். பெட்ரோல் பக்கம் கோளாறு என்றால் தீர்ந்து நிற்கும். எது என்று சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எனக்குத் தெரியவில்லை. நிற்கிறபோதெல்லாம் எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது, வண்டி எப்படி நின்றது என்று கவனிக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இயற்பியல் ஆசிரியன். அந்த இரண்டு சொல்லில் எது கம்பீரமாக இருக்கிறது என்று பார்த்து, "அறுந்துதான்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நம்பி அந்த நல்ல மனிதர் ஒரு மாதம் கரண்ட் பக்கமே வேலை செய்தார். பிளக் மாற்றினார். ஒயர் மாற்றினார். காயில் மாற்றினார். மழைக்காலம் வேறு, ஈரம் இறங்கியிருக்கும் என்று எதையெதையோ கழற்றிக் காய வைத்தார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓட்டிப் பார்ப்பார், ஐந்து கிலோமீட்டர் போய் ஐந்து கிலோமீட்டர் வருவார், வண்டி சமர்த்தாக ஓடும். நான் எடுத்துக்கொண்டு போனால் வட்டத்தின் விளிம்பில் நிற்கும். திரும்பி வந்து ஷெட்டில் நிற்பேன். அறுந்துதானே சார் என்பார். அறுந்துதான் என்பேன். ஒரு பொய்யை மூன்றாவது தடவை சொல்லும்போது அது நாமே கண்ணால் பார்த்த விஷயமாகிவிடுகிறது.

இடையில் ஒரு நாள் மனசு கேட்காமல் ஓரிக்கைக்காரருக்குப் போன் செய்தேன். இலக்கியம் படித்த மனிதர் இப்படிச் செய்யலாமா என்கிற தொனியில் பேசினேன். தன்னிடம் இருந்தவரை வண்டி ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை என்றார். பழைய கார் விற்கிற எல்லோரும் இதையேதான் சொல்வார்கள் என்றேன். அவர், அது உண்மையாக இருந்தால் வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

இது எதுவும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தினமும் காலையில் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் தறியிலிருந்தபடியே கேட்பார், வண்டி எப்படி இருக்குது வாத்யாரே என்று. சிங்கம் மாதிரி இருக்குது என்பேன். சிங்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டாது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் வீட்டில் போன் அடித்தால் சீட்டுக்காரரா, உறவுக்காரரா என்று தெரியும்வரை சுவரோரம் நின்று கேட்பேன். ஒருவர் பார்வைக்காக அவர் குடும்பமே வேண்டிக்கொண்டிருக்க, அந்தப் போன் இன்றைக்கு வராமல் இருக்கட்டும் என்று பக்கத்துச் சுவருக்கு இப்பால் ஒருவன் வேண்டிக்கொண்டிருந்தான். இதைவிடக் கேவலமான ஒரு வேண்டுதலை நான் செய்ததில்லை. அந்த வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்குப் போன் வந்தது. பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது.

நான் முதலில் செய்தது, கொல்லைப்பக்கம் போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாடகைக் கார்களுக்குப் போன் செய்தது. கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள். முதல் ஆள் மாப்பிள்ளை அழைப்பில் இருந்தார். இரண்டாவது ஆள் போனை எடுக்கவில்லை, பின்னணியில் நாதஸ்வரம் கேட்டிருக்கும். மூன்றாவது ஆள் ஒன்பதரைக்கு வருகிறேன் என்றார். மைத்துனரின் வேன்காரர் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருத்தணி போயிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேலூர் பஸ் பிடிக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், அவர்கள் இரண்டு பேரும் என் கார் பக்கத்தில் தயாராக நிற்கிறார்கள். அவர் வேட்டி மடிப்புக் கலையாமல், கையில் ஒரு துண்டோடு. அவர் மனைவி ஆஸ்பத்திரிப் பையோடு. என் மனைவி சாமி விளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று தைரியம் கொடுத்தது. முந்தின நாள் சாயங்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று டாங்க் முழுக்கப் பெட்ரோல் நிரப்பியிருந்தேன். பெட்ரோல் போட்டதும் வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடும் என்று கவனித்திருந்தேன். ஏன் என்று யோசித்ததில்லை. மெக்கானிக்கிடமும் சொன்னதில்லை, என்னுடைய 'அறுந்துதான்' கட்சிக்கு அது ஒத்துவரவில்லை.

காலை வெளிச்சம் அவர் கண்ணில் ஊசியாகக் குத்தும். அதனால் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி முன்னால் என் பக்கத்தில். கிளம்பும்போது ஏழு ஐம்பது. பெரிய காஞ்சிபுரத்துத் தெருக்களில் கல்யாண வண்டிகள் வழி மறித்து நின்றன. ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடிக்கும்போது எட்டு பத்து. நான் கிலோமீட்டர் எண்ணையே பார்த்தபடி ஓட்டினேன். ஆறு. ஏழு. பதினாலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பதினாலைத் தாண்டினால் பிழைத்தோம். அவர் மனைவி ஏதோ பேசினார். தலையை ஆட்டினேன்.

எட்டாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து அவர் துண்டுக்குள்ளிருந்தபடியே சொன்னார், என்னாபா சத்தம் அது என்று. ரோடு சரியில்லை என்றேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாவது கிலோமீட்டரில் வண்டி குலுங்கியது. அந்தக் குலுக்கலை என் முதுகெலும்பு அடையாளம் கண்டுகொண்டது. வேகம் விழுந்தது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஒதுக்கினேன். நின்றது.

வட்டம் சுருங்கிவிட்டது. அப்போது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். பதினாலு ஒன்பதாகிவிட்டது. அரை மணி காத்திருந்து, ஒன்பது கிலோமீட்டர் போய், மறுபடி அரை மணி காத்திருந்தால் வேலூருக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று மனக்கணக்குப் போட்டேன். மத்தியானம் தாண்டிவிடும். அதற்குள் அந்தக் கருவிழி வேறொருவர் கண்ணில் இருக்கும்.

"என்னாண்ணா, நின்னுடுச்சா?" என்றார் அவர் மனைவி. மெதுவாகத்தான் கேட்டார். மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

இறங்கிப் போய்க் கை காட்டினேன். நெடுஞ்சாலையில் பஸ்கள் நூறு அடி தூரத்திலேயே ஒலிப்பானை அழுத்தி, நிற்க மாட்டோம் என்று தகவல் சொல்லிவிட்டுப் போயின. ஒரு கார் வேகம் குறைத்தது, உள்ளே பட்டுப் புடவைகளாக ஏழெட்டுப் பேர், பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு இருபத்தைந்து. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன், இருபது நிமிடம் ஆகும் என்றார். பிறகு பழக்க தோஷத்தில் அதே கேள்வி. அறுந்து நின்றதா சார்?

போனை நான் சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்தேன். அறுந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அறுந்தெல்லாம் நிக்கலபா. தீர்ந்து நின்னுச்சி. தாரு காலியான நாடா மாதிரி ரெண்டு மூணு ஓட்டம் வெறுமனே ஓடிட்டுத்தான் நின்னுச்சி."

நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த காது, அதற்கு அந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியும். அவர் எழுந்து உட்கார்ந்து, முகத்தை மூடிய துண்டோடேயே மேலும் சொன்னார். நிற்பதற்கு முன்னால் தலைக்குக் கீழே இரண்டு தடவை டொக்கு டொக்கு என்று சத்தம் வந்தது, தகர டப்பாவை யாரோ வெளியிலிருந்து அமுக்குகிற மாதிரி. அதைத்தான் கேட்டேன், வாத்யார் ரோடு சரியில்லைன்னாரு.

அந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இத்தனை நாளும் நானும் மெக்கானிக்கும் முன்னால் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை, படுத்துக் காது வைத்ததும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவேன். உள்ளே காற்றில்லாத டின்னை வெளிக்காற்று டொக்கென்று நசுக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நான் காலரைச் சரி செய்துகொள்வேன். இருபத்து மூன்று வருடமாக.

மெக்கானிக்கின் குரல் மாறியிருந்தது. "சார், பெட்ரோல் மூடியைத் திறங்க. போனைக் கிட்ட வெச்சுக்கினு திறங்க."

திறந்தேன். உஸ்ஸென்று ஒரு நீளமான இழுப்பு, வண்டி வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டது. சீட்டுக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம், நசுங்கிய தகரம் பழைய இடத்துக்குத் திரும்புகிற சத்தம். போனில் மெக்கானிக்கும் அதைக் கேட்டிருக்க வேண்டும். மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்குமே சார், இருக்கிறதா பாருங்கள் என்றார்.

"இல்லை," என்றேன். "பொட்டு இருக்குது."

அந்தப் பொட்டை வைத்தவன் நான். ஆயுத பூஜை அன்றைக்குத் தெருவே தறிக்கும் சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது நான் காருக்கு வைத்தேன். ஸ்டியரிங்கில் வைத்தேன், கண்ணாடியில் வைத்தேன், நாலு டயரிலும் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்தால் எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். சோறு போகிற வாயை விட்டுவிடலாமா என்று சொல்லி, பெட்ரோல் போடுகிற இடத்தைத் திறந்து, மூடியின் நட்டநடுவே பொட்டு வைக்கவே செய்தது போல இருந்த ஒரு குழியில் சந்தனத்தைத் திரளாக அப்பி மேலே குங்குமம் வைத்தேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு நேரில் கிடைத்த ஆகப் பெரிய சிரிப்பு அது. அதற்கு அடுத்த வாரம்தான் தாமலில் வண்டி நின்றது.

சந்தனம் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டாங்க்கே எஞ்சினோடு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அரை மணி நின்றால் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். நேற்று டாங்க்கை முழுக்க நிரப்பியதில் உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச காற்றுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டேன், அதனால் பதினாலு ஒன்பதாயிற்று. எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் நடத்துகிற பாடப் புத்தகத்தில்.

ஒன்றரை மாதத்தில் அந்த மூடியை எத்தனையோ கைகள் திறந்திருக்கின்றன. பங்க்கில் பெட்ரோல் போடுகிற ஒவ்வொருவரும் பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகித் திறந்து, அதே பக்குவத்தோடு மூடியிருக்கிறார்கள். மெக்கானிக்கும் பார்த்திருக்கிறார். அது பிறகு அவரே சொன்னது. அடியில் துளை இருக்கும் என்று தெரியும், ஆனால் உங்கள் சாமி சமாச்சாரம், நான் எதற்கு அழிப்பது என்று கையைத் தள்ளியே வைத்தேன் சார் என்றார். அப்போது போனில் அவர் கேட்டது வேறு. யார் வைத்தது சார் என்றார். ரொம்ப நேரம் யாரும் பதில் சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி இருந்தால் குத்தி எடுங்க, எடுத்துட்டுக் கிளம்புங்க என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி இறங்கி வந்தார். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினார். நீட்டினவர் ஒரு நொடி நிறுத்தி, மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு பல்லைக் கடித்தபடி சுரண்ட ஆரம்பித்தார். சந்தனம் பொரிப்பொரியாக உதிர்ந்தது. மூடியைத் தூக்கி ஆகாயத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது.

எட்டு முப்பத்தெட்டு. சாவியைத் திருகினேன். பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டு என் வாழ்க்கையில் ஓட்டாதது. தாமல் ஏரி வந்தது, போனது. பதினாலாவது கிலோமீட்டரில் நான் மூச்சுவிடவில்லை. பதினைந்தானபோது விட்டேன். பின்னால் அவர் படுக்கவில்லை, குனிந்து சீட்டில் காதை வைத்திருந்தார். கண்ணாடியில் அந்தத் துண்டு மூடிய தலை வளைந்திருப்பது தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, சத்தமில்லைபா, போ என்பார். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. வாலாஜாபேட்டைக்கு அப்பால் சாலை வேலைக்காக வண்டிகளை ஒரே வரிசையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் ஒரு சிமெண்ட் லாரியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு நின்றேன். எஞ்சினை அணைக்கப் பயம், ஓட விடவும் பயம். அணைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது பத்தாக நாலு நிமிடம்.

மாடியில் அந்த அறைக்கு வெளியே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், ஒரு கண்ணில் பச்சைத் துணி, பக்கத்தில் மகள். செவிலியர் எங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, திரும்பி அவர்களிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மகள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். இவர்கள் வராவிட்டால் என்று அவரையும் வரச் சொல்லி வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பி, யார் என்று தெரியாமலே பொதுவாகத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நெடுஞ்சாலையில் நான் நின்றிருந்த அந்தப் பதினெட்டு நிமிடம் இருபத்தைந்தாகியிருந்தால் அவர் உள்ளே போயிருப்பார். அதற்கு நான் என்ன நினைக்க வேண்டும் என்று இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கு அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தது தெரியாது.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு வெளிச்சம்தான் தெரிந்தது என்றார். பிறகு அசைவு, பிறகு நிறம். தையில் சிவப்புக்கும் அரக்குக்கும் வித்தியாசம் சொன்னார். மாசியில் ஜரிகை வருகிற இடத்தில் மனைவியை எழுந்து போகச் சொல்லிவிட்டு அவரே நெய்தார். மெக்கானிக் எனக்கு ஒரு புது மூடி வாங்கிப் போட்டுக் கொடுத்தார், அதில் துளை ஓரத்தில் இருக்கிறது. இதில் பொட்டு வைக்க முடியாது சார் என்று மட்டும் சொன்னார்.

பங்குனியில் ஒரு காலை நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் தறியை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவுக்கடியில் துரு தின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். கயிறு கட்டியிருந்த பின் பம்பரைப் பார்த்தார். ஒரு விளக்கு மட்டும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தார். என் தோளில் கை வைத்தபோது, நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"இதுலயா வாத்யாரே என்னைக் கூட்டிக்கினு போன? அன்னைக்கே எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா பஸ்ஸுல போயிருப்பேன்பா."